ஓரடி மேடு

டெல்டாவுக்கு முதல் தடவை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: "எங்க பார்த்தாலும் ஒரே மட்டமா இருக்கே!" திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறிக் கிழக்கே எங்கள் ஊருக்கு வந்தால் அப்படித்தான் தெரியும். வயல், அதற்கு அப்பால் வயல், தூரத்தில் ஒரு வரிசை பனை. மலை கிடையாது, பாறை கிடையாது. கையில் பிடிக்க ஒரு கல் வேண்டும் என்றால் ரோடு போட லாரியில் வந்த ஜல்லியில்தான் பொறுக்க வேண்டும்.

ஆனால் எங்கள் ஊர் மட்டமான ஊர் இல்லை. எந்தத் தாக்கில் (வயல் பகுதியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) என்ன நெல் போடுவது, எங்கே மரம் நிலைக்கும், எங்கே குருவி கூடு கட்டும், யார் வீட்டுக்குள் தண்ணீர் புகும், இறந்தவர்களை எங்கே எரிப்பது, எல்லாவற்றையும் இங்கே ஓரடி மேடு பள்ளம்தான் முடிவு செய்கிறது. வெளியூர்க் கண்ணுக்கு அது தெரியாது. உள்ளூரில் பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது தெரிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, கரையில் நடந்து உடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, இதுதான் வேலை. சைக்கிளின் முன் கம்பியில் என்னை உட்கார வைத்துக்கொண்டு கரை கரையாகப் போவார். பிறகு நான் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தபோது, அதே வாய்க்கால்களில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நீளமும் அகலமும் அளந்தேன். ஆக, இந்த ஊர் நிலத்தை நான் படித்ததெல்லாம் தண்ணீர் போகிற வழியில்தான்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். அங்கே வெண்ணாற்றில் இறங்கி, கிளைக்குக் கிளை பிரிந்து, அடப்பாறு வழியாக எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் ஆடி பிறந்துவிடும். சில வருஷம் ஆடிப்பெருக்குக்கே வராது. கடைமடை என்றால் அப்படித்தான். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடித்தது, அதற்கு முன்னால் ஆற்றில் வந்ததை வந்தபடி வாங்கிக்கொண்ட ஊர் இது. இன்றைக்கும் முதல் தண்ணீர் வருகிற அன்று ஊரே கரையில் நிற்கும். சருகும் நுரையும் செத்தையும் முன்னால் தள்ளிக்கொண்டு வரும், வாய்க்காலின் வெடிப்புகளுக்குள் இறங்கி நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி நகரும். அப்பா சொல்வார்: "வரப்பப் பாக்காத பாப்பா. தண்ணி எங்க தயங்குதுன்னு பாரு." தயங்குகிற இடம் மேடு. அவர் அளவுகோல் எதுவும் வைத்திருக்கவில்லை, ஆனால் எங்கள் ஊரில் எந்த மூலை எதைவிட எத்தனை விரற்கடை உயரம் என்று அவரால் சொல்ல முடியும்.

முதலில் ஊர் இருக்கிற மேட்டைச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு வடக்கே ஒரு குளம். அதை வெட்டிய மண்ணைக் கொட்டித்தான் மேட்டுத் தெருவை உயர்த்தியிருக்கிறார்கள். டெல்டாவில் நிறைய ஊர்களில் இந்த ஜோடியைப் பார்க்கலாம், குளம் இருந்தால் பக்கத்திலேயே அந்தக் குளத்து மண்ணில் ஒரு தெரு இருக்கும். மண்ணைத் தலையில் சுமந்தவர்கள் எங்கள் ஆட்கள். நாங்கள் குடியிருந்தது தெற்கே பள்ளத்தில். ஐப்பசி, கார்த்திகையில் அடுப்புக்குள் தண்ணீர் நிற்கும், அம்மா பரண்மேல் அரிக்கேன் விளக்கையும் அரிசிப் பானையையும் ஏற்றி வைத்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவாள். 1971-ல் வந்த குடியிருப்பு மனை உரிமைச் சட்டத்தில்தான் இந்த மாதிரித் தெருக்களில் குடிசைக்கு அடியில் இருந்த மண் குடிசைக்காரர்களுக்குச் சொந்தமானது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் எங்கள் தெருவே கூடை கூடையாக மண் அடித்து வாசலை உயர்த்தியது. இன்று எங்கள் வாசல் நாற்பது வருஷத்துக்கு முந்தைய தரையைவிட முட்டி அளவு உயரம். நிலத்தோற்றம் என்று பேசும்போது ஆறும் மரமும் மட்டும் பேசினால் போதாது. யார் மேட்டில், யார் பள்ளத்தில் என்பதும் அதில் சேர்த்திதான்.

சரி, வயலுக்கு வருவோம்.

வயல் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்தாலும், பயிர் ஒன்றல்ல. பள்ளத் தாக்குகளில் சி.ஆர். 1009 போடுவார்கள், பொன்மணி என்றால் எல்லோருக்கும் தெரியும். நாள் கூடுதலாக எடுக்கும், ஆனால் தண்ணீரில் நிற்கும். இப்போது அதிலேயே 'சப் 1' என்று ஒன்று வந்திருக்கிறது, வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். மேட்டுத் தாக்குகளில் நாள் குறைந்த ரகம். ஊருக்குத் தென்கிழக்கே, கடலைப் பார்த்த பக்கம், ஒரு பத்து மா உவர்த் தாக்கு இருக்கிறது (எங்கள் பக்கத்தில் மூன்று மா ஓர் ஏக்கர்). அங்கே பங்குனி வெயிலில் மண்மேல் வெள்ளையாகப் பூக்கும், வரப்பு ஓரம் உமரி முளைக்கும். அந்தத் தாக்கில் முன்பு குழியடிச்சான்தான். உப்புக்குத் தாங்குகிற நெல், புழுதியில் விதைத்துவிட்டு மழையை எதிர்பார்த்திருக்கலாம். நடுவில் அது காணாமல் போனது. பிறகு, பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் திருவிழா நடத்தி விதை கொடுத்த காலத்தில், எங்கள் ஊருக்கும் மறுபடியும் இரண்டு மரக்கால் வந்து சேர்ந்தது. இன்று ஒரே ஒரு வீட்டில் அதை விடாமல் விதைக்கிறார்கள். அந்த வீட்டு அத்தாச்சியை எங்கே பார்த்தாலும் "விதை வச்சிருக்கீங்கள்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

தை மாதம் எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும். சம்பா பழுத்து நிற்கும்போது, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், கதிருக்கு ஊடாகவே உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். அதற்கு மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். காலை வைத்தால் சுவடு பதியும், ஆனால் தண்ணீர் ஊறக் கூடாது. அந்தப் பதம் மேட்டில் ஒரு நாள் வரும், பள்ளத்தில் நாலு நாள் கழித்து வரும், அதனால் ஒரே ஆள் ஒரே தாக்கில் இரண்டு தடவை தெளிப்பதும் உண்டு. அறுப்பு முடிந்ததும் தாளுக்கு இடையில் இரண்டு இலை விட்டு உளுந்து நிற்கும். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்ச மாட்டார்கள். மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரமும் பனியும்தான். அந்தப் பனியிலேயே பூத்து, காய்த்து, பங்குனியில் வீட்டுக்கு வந்துவிடும். அறுப்பு மிஷின் வந்த பிறகு அதன் கீழே முளைவிட்ட உளுந்து நசுங்குகிறது. பெல்ட் மிஷின் என்றால் கொஞ்சம் பரவாயில்லை, டயர் மிஷின் போன தடத்தில் ஒன்றும் மிஞ்சாது. பலர் உளுந்தையே விட்டுவிட்டார்கள். கையறுப்புக்கு ஆள் இல்லை என்பது உண்மைதான், கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பதும் உண்மைதான். இருந்தாலும் எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. தண்ணீரே கேட்காத ஒரு வெள்ளாமையை யாராவது விடுவார்களா?

உளுந்து எடுத்த பிறகு வயலுக்கு வேறு ஆட்கள் வருவார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வந்து கிடை போடுவார்கள். களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், அந்த வெடிப்பின் அடியில் நத்தையும் வயல் நண்டும் முதல் மழைக்காக அடைந்து கிடக்கும்.

நத்தை என்றதும் நத்தைகுத்தி நாரையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெள்ளையும் கறுப்புமாக, ஆள் தொடை உயரம் இருக்கும். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், ஒரு பென்சிலை நுழைத்துவிடலாம் போல. நாற்று நட்டுக் கொஞ்ச நாளில் தாக்கில் இறங்கும். தலையைச் சேற்றுக்குள் விட்டு, கழுத்து மட்டும் மெல்ல ஆடும், முகம் வெளியே வராது. அந்த வேலை முடிகிறவரை நாம் பத்தடி தள்ளி நின்றாலும் கவனிக்காது. தலையைத் தூக்கும்போது அலகில் சதை மட்டும் இருக்கும். போன பிறகு அந்த இடத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஓடு உடையாமல் கிடக்கும், வாய்மூடி மட்டும் தனியாக வந்திருக்கும். நாற்றைக் கடிக்கிற நத்தையை இப்படித் தின்றுவிட்டுச் சாயங்காலம் மேற்கே பறக்கும். உதயமார்த்தாண்டபுரம் ஏரியில் அதற்குக் கூடு. அந்தச் சரணாலயமும் வடுவூரும் 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன, கோடியக்கரை 2002-லேயே சேர்ந்துவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் கூடு அங்கே இருந்தாலும் சாப்பாடு எங்கள் தாக்கில்தான், வரப்பில் குருணை மருந்தைத் தூவிவிட்டு ஏரியை மட்டும் காப்பாற்றிவிட முடியாது.

இனி நரித்திடல். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

ஊருக்குக் கிழக்கே, நாலு பக்கமும் வயல் சூழ, ஒரு மா அளவில் ஒரு திடல். வரப்பிலிருந்து இரண்டடி, சில இடத்தில் மூன்றடி உயரம். புறம்போக்கு. பத்துப் பதினைந்து பனை, ஈச்சம்புதர், நுணா, ஒரு பெரிய நாவல், நடுவில் உள்ளே போக முடியாதபடி ஆதண்டை முள். யாரும் நட்டதில்லை. மாடு மேய்க்கிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்குவார்கள், நடவுக்குப் போகிறவர்கள் கஞ்சித் தூக்கை நாவல் கிளையில் மாட்டிவிட்டுப் போவார்கள், கைப்பிள்ளைக்குத் தூளி கட்டுவதும் அங்கேதான். நானும் அந்தத் தூளியில் கிடந்தவள்தான். இரவில் இன்னும் நரி ஊளையிடுகிறது, முன்பு போல ராத்திரிக்கு ராத்திரி இல்லை.

மழைக்காலம் தொடங்கும்போது பனையில் தூக்கணாங்குருவி வந்துவிடும். ஆண் குருவி நெல் தோகையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டி, நுனியைப் பிடித்துக்கொண்டு பறக்கும், நீளமாக ஒரு நார் கிழிந்து வரும். கூடு பாதி முடிந்தபோது நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் போட்டாற்போல இருக்கும், அந்த நிலையில்தான் பெண் குருவி வந்து பார்க்கும். உள்ளே ஈர மண்ணை அப்பி வைத்திருக்கும். பெண்ணுக்குப் பிடிக்காவிட்டால் கூடு அப்படியே பாதியில் நின்றுவிடும். புயலுக்குப் பிறகு திடலில் விழுந்து கிடக்கிற கூடுகளில் பாதிக்கு மேல் இந்த அரைக்கூடுகள்தான். குருவி நெல்லையும் தின்னும். அதைச் சொல்லி யாரும் எங்கள் ஊரில் கூட்டைக் கலைத்ததில்லை.

2008 நவம்பரில் நிஷா புயல் மழையின்போது அந்தத் திடலைப் பார்த்தேன். மழை விட்டும் தண்ணீர் வடியவில்லை. கடைமடையில் ஆறேதான் வடிகாலும், கடல் ஏறி நிற்கும்போது அது எங்கே போகும்? வரப்பு தெரியவில்லை, தாக்கு தெரியவில்லை, தெரிந்தது ஊரும் கரையும் நரித்திடலும்தான். அப்பா உடைப்புப் பார்க்கப் போனபோது நானும் கரையோடு போய்த் திடலுக்கு நேரே நின்றேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அங்கே போய் ஏறினோம். நுணாக் கிளையில் ஒரு சாரை சுற்றிக் கிடந்தது. அதற்கு இரண்டு முழம் கீழே வேரில் நாலைந்து வயல் எலி, நனைந்து ஒட்டிப் போய், ஒன்றோடு ஒன்று நெருங்கி. சாரை அவற்றைப் பார்க்கவேயில்லை. பனையின் சொரசொரப்பில் கட்டெறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. ஈச்சம்புதர் ஓரத்தில் ஒரு முயல். நண்டு, தேள், பூரான், கீரி ஒன்று. அப்பா சத்தமில்லாமல் கையைப் பிடித்து என்னை ஓர் ஓரமாக நிறுத்தினார். நாங்கள் எதையும் தொடவில்லை, அவையும் எங்களை விட்டு நகரவில்லை, நகர இடமில்லை. சுற்றி உள்ள அத்தனை வேலி (இருபது மா ஒரு வேலி) நிலத்திலும் வளையில் வாழ்கிற உயிர்கள் அன்றைக்குத் தப்பிக்க இருந்தது அந்த ஒரு மா இடம்தான். தண்ணீர் வடிந்ததும் அங்கிருந்துதான் அவை மறுபடியும் வயலுக்கு இறங்கியிருக்கும்.

பத்து வருஷம் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் ஊர்த் தென்னை முக்கால்வாசி சாய்ந்தது. விடிந்ததும் கிழக்கே பார்த்தேன். நாவலில் பெரிய கிளை ஒன்று இல்லை, பனை அத்தனையும் நின்றது.

அந்தத் திடலில் இப்போது மேற்குப் பக்கம் ஒரு மூலை இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது மண் தேவைப்பட்டது, ஒரு ராத்திரி பொக்லைன் வந்தது. காலையில் மூன்று பனை சாய்ந்து கிடந்தன, மூலையில் ஒரு குழி. யார் சொல்லி வந்தது என்று கேட்டுப் பார்த்தோம், பதில் கிடைக்கவில்லை. தூர் வாருவதிலும் இதுதான் நடக்கிறது. நாங்கள் மண்வெட்டியால் சி, டி வாய்க்கால்களை (வயலுக்குப் பிரிகிற சின்ன வாய்க்கால்கள்) வாரியபோது வெங்காயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் எடுத்தோம், கரையில் நின்ற தாழையையும் நொச்சியையும் விட்டுவிட்டோம், அவைதானே கரையைப் பிடித்து வைத்திருப்பவை. மிஷின் வந்தால் இரண்டு பக்கமும் ஒரே வழியாக வழித்துவிடுகிறது. அடுத்த ஐப்பசியில் கரை சரிந்து வாய்க்காலுக்குள்ளேயே விழுகிறது. மிஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய ஆற்றுக்கு அது வேண்டும். சின்ன வாய்க்காலுக்கு ஆள்தான் சரி.

2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. எண்ணெய்க் கிணறு புதிதாக வராது என்பதில் எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. ஆனால் இரண்டடித் திடலுக்குப் பாதுகாப்பு ஊரிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். எங்கள் ஊராட்சியில் அதை எழுதும் வேலையில் நானும் சேர்ந்திருக்கிறேன். பயிர், மரம், மீன், மூலிகை எல்லாம் எழுதியாகிவிட்டது. மீனில் மட்டும் குறவை, விரால், கெளுத்தி, ஆரல், உளுவை, பனையேறிக் கெண்டை என்று பாட்டிமார்கள் சொல்லச் சொல்ல பக்கம் நிறைந்தது. நிலத்தோற்றம் என்கிற பகுதியில் நரித்திடலைத் தனியாக எழுதி, நான்கு எல்லையும் குறித்து, கிராம சபையில் வாசித்துத் தீர்மானம் போடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ஐயனார் கோயில் இலுப்பைத் தோப்பையும் அதோடு சேர்க்க வேண்டும். பங்குனியில் விடிகாலையில் அங்கே போனால் வெளிறிய மஞ்சளில் சதைப்பற்றான பூ தரை முழுக்க உதிர்ந்திருக்கும், ராத்திரி வௌவால் தின்றது போக மிச்சம். வாயில் போட்டால் வெல்லம் போல இனிக்கும்.

எங்கள் ஊரிலிருந்து போய் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஓர் உதவி செய்யுங்கள். அடப்பாற்றுக் கரைக்கும் உவர்த் தாக்குக்கும் நடுவில் முன்பு இன்னொரு திடல் இருந்ததாகவும், அதில் ஒரு மருதமரம் நின்றதாகவும் இரண்டு பேர் சொல்கிறார்கள். ஒருவர் அதை வண்ணான்துறைக்கு மேற்கே என்கிறார், இன்னொருவர் கிழக்கே என்கிறார். உங்கள் வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எல்லை எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள், அல்லது அப்பத்தாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். கிராம சபைக்கு முன்னால் கிடைத்தால் அதையும் பதிவேட்டில் ஏற்றிவிடலாம்.